பத்துக் குற்றமும் புனைகதையாளரின் அன்றாடப் பணியும்

ஆய்வுச் சுருக்கம்

நன்னூற் பொதுப்பாயிரம் தொகுத்துரைக்கும் நூற்குற்றங்கள் பத்தும் இலக்கண வகுப்பில் மனப்பாடப் பகுதியாகவே நின்றுவிட்டன. சிறுகதையும் நாவலும் எழுதுவோர் தம் படியைத் திருத்தும்போது அவற்றைக் கைக்கருவியாகக் கொள்ள இயலும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. எழுதும் நாளும் குற்றம் நாடும் நாளும் வெவ்வேறாக இருத்தல் வேண்டும் என்பது இதன் மையக் கருத்து. எழுத்தாளர் சிலரின் பணிமுறை பற்றிய பதிவுகள் சான்றாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நன்னூல், தொல்காப்பிய மரபியல், நூற்குற்றம், புனைகதை, திருத்தப்படி, பணிமுறை

முன்னுரை

தமிழ்த் துறைகளில் புனைகதை ஆய்வு பெரும்பாலும் அச்சில் வந்த படைப்பிலிருந்தே தொடங்குகிறது. அப்படைப்பு எத்தனை முறை எழுதப்பட்டது, எந்த நேரத்தில் எழுதப்பட்டது, எதை அடித்து எதை வைத்தார்கள் என்பன ஆய்வுப் பொருளாவது அரிது. ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த ‘புதுமைப்பித்தன் கதைகள்’ (2000) போன்ற செம்பதிப்புகள் பாடவேறுபாடுகளைத் திரட்டித் தந்த பின்னரும் இந்நிலை பெரிதும் மாறவில்லை. எழுதக் கற்க வரும் மாணவருக்கோ முடிந்த படைப்பைக் காட்டிலும் முடியாத படியே பயன்படுவது. இக்கட்டுரையாளர் முதுகலை மாணவர்தம் சிறுகதைகளைப் படித்துக் கருத்துரைத்தபோது ஒன்று தெளிவாயிற்று. அவர்களுட் பலர் எழுத இயலாமல் நிற்கவில்லை. எழுதிய முதற்பத்தியை அன்றே திருத்தத் தொடங்கியதால் இரண்டாம் பத்திக்குச் செல்லாமல் நின்றனர்.

இவ்விடத்தில் ஒரு தடையை முதலில் எதிர்கொள்ள வேண்டும். பத்துக் குற்றமும் ‘நூலுக்கு’ உரியன. தொல்காப்பியச் செய்யுளியலோ நூலையும் உரையையும் வெவ்வேறு யாப்பு வகைகளாக வைக்கிறது. பொய்ம்மொழி, நகைமொழி என இன்றைய புனைகதைக்கு அண்மையில் வருவனவற்றை உரையின் பாற்படுத்துகிறது. ஆகவே இலக்கண நூலுக்கு வகுத்த குற்றங்களைக் கதைக்கு அப்படியே ஏற்றுதல் முறையன்று. எவை பொருந்தும், எவை பொருந்தா என்று பிரித்துக் காண்பதே பயன் தரும்.

எழுதும் நாள்

பிழைப்புக்கு வேறு தொழில் பார்த்துக்கொண்டே எழுதுவது தமிழில் இயல்பு. சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்தினார், தி. ஜானகிராமன் வானொலியிலும் அசோகமித்திரன் பல்லாண்டு ஜெமினி ஸ்டுடியோவிலும் பணியாற்றினர். இத்தகையோருக்கு நேரப் பங்கீட்டில் மிக விரிவான பதிவை விட்டுச் சென்றவர் ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிரொல்லப். அஞ்சல் துறை ஊழியரான அவர் அதிகாலை ஐந்தரை மணிக்கு மேசைக்கு வந்து, நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் எழுதியதாக 1883இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில் கூறுகிறார். கடிகாரத்தை எதிரே வைத்துக் கால் மணிக்கு 250 சொல் என்பது அவர் தமக்கு விதித்துக்கொண்ட அளவு. வாரந்தோறும் எழுதிய பக்கங்களை நாட்குறிப்பில் பதிந்து வந்தார். சராசரி 40 பக்கம். குறைந்த வாரத்தில் 20, மிகுந்த வாரத்தில் 112. இந்தக் கணக்கை வெளியிட்டதாலேயே அவருடைய மதிப்புச் சிலகாலம் சரிந்தது என்பர். கலைஞன் கடிகாரம் பார்க்கலாகாது என்று வாசகர் கருதினர் போலும்.

டிரொல்லப்பிடம் கற்க வேண்டியது 250 என்னும் எண் அன்று. தமிழ் ஒட்டுநிலை மொழி. ஆங்கிலத்தில் மூன்று சொல்லாக வருவது இங்கு வேற்றுமையுருபும் இடைச்சொல்லும் ஏற்று ஒரு சொல்லாகிவிடும். சொற்கணக்கைவிடப் பக்கக் கணக்கே நமக்கு ஏற்றது. கருதத்தக்கது வேறொன்று: மூன்று மணியில் முதல் அரைமணியை அவர் முந்தைய நாள் எழுதியதைப் படிப்பதற்கு ஒதுக்கினார். கதையின் ஓசையைச் செவியில் மீட்டுக்கொள்ளவே அவ்வாறு செய்தார். அரைமணி கடந்ததும் பழைய பக்கம் மூடப்படும். படிப்பதற்கும் எல்லை உண்டு என்பதே இம்முறையின் வலிமை.

எர்னஸ்ட் ஹெமிங்வே இதற்குத் துணையாகும் மற்றொரு வழக்கத்தைச் சொல்லியுள்ளார். அடுத்து நிகழப்போவது தெரிந்திருக்கும்போதே அன்றைய எழுத்தை நிறுத்திவிட வேண்டும் என்பது அது. அலுவல் முடித்து இரவு ஒன்பதுக்கு அமர்பவருக்கு இது பெரிதும் உதவும். காட்சியை முடித்துவிட்டு எழுந்தால் மறுநாள் வெற்றுத்தாள் எதிர்நிற்கும். பாதியில் எழுந்தால் கதாபாத்திரம் வாசற்படியில் காத்திருக்கும்.

இந்நாளில் பத்துக் குற்றத்தை நினைத்தலே கூடாது. குன்றக் கூறியிருக்கலாம், மிகைபடக் கூறியிருக்கலாம். அது முழுப்படியும் கண்முன் இருக்கும்போதுதான் தெரியவரும். பத்தி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மிகையா குறைவா என்று தீர்ப்பதற்கு அளவுகோல் இல்லை.

திட்டக் குறிப்பு

எழுதும் நாளுக்கும் திருத்தும் நாளுக்கும் இடையே நிற்பது திட்டக் குறிப்பு. தொடர்கதை எழுதுவோருக்கு இது தவிர்க்க இயலாதது. முதல் அத்தியாயம் அச்சேறிய பின் அதைத் திருத்த வழியில்லை. சார்லஸ் டிக்கன்ஸ் 1846இல் தொடங்கிய ‘டாம்பி அண்ட் சன்’ நாவலிலிருந்து மாதப் பகுதிகளுக்கு முறையாகக் குறிப்புத்தாள் எழுதி வந்தார். இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அத்தகைய தாள்களைக் காணலாம். தாளின் இடப்பாதியில் அப்பகுதிக்குரிய எண்ணங்களும் வினாக்களும். வலப்பாதியில் அத்தியாயங்களின் பெயரும் நிகழ்ச்சியும். இன்னார் இப்பகுதியில் வரலாமா என்று தம்மையே கேட்டு, பின்னர் ஆம், இல்லை, அடுத்த முறை என்று விடையும் எழுதுவார். விடை எழுதாமல் விட்ட வினாக்களும் உள. முடிவைத் தள்ளிப்போடுவதற்கும் தாளில் இடம் வைத்திருந்தார் என்பதே இதில் சிறப்பு.

‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ இறுதிப் பகுதியை எழுதும் கட்டத்தில் அவர் கதாபாத்திரங்களின் வயதைக் கணக்கிட்டுத் தனித்தாளில் பதிந்துள்ளார். இதனைத் தமிழ் நாவலாசிரியர் அனைவர்க்கும் பரிந்துரைக்கலாம். மூன்று தலைமுறைக் கதை எழுதுவோர் பிறந்த ஆண்டு, திருமண ஆண்டு, ஊர் மாறிய ஆண்டு என ஓர் அட்டவணை வைத்துக்கொள்ளாவிடில், தாய்க்கும் மகளுக்கும் பத்தே வயது வேறுபாடு நேர்ந்துவிடும். உறவுமுறைச் சொற்களுக்கும் ஒரு பத்தி வேண்டும். முதல் அத்தியாயத்தில் ‘அத்தை’ என்றழைக்கப்பட்டவர் ஏழாம் அத்தியாயத்தில் ‘சித்தி’ ஆகிவிட்டால், முறைப்பெண் உறவே குலைந்து கதையின் சிக்கல் பொருளற்றுப் போகும். ஆங்கில நாவலாசிரியருக்கு இல்லாத கவலை இது.

குற்றம் நாடும் நாள்

படி முடிந்தபின் சில வாரமாவது அதைத் தொடாதிருத்தல் நன்று. அதன்பின் பத்துக் குற்றத்தையும் ஒரே வாசிப்பில் தேடுதல் இயலாது. ஒரு வாசிப்புக்கு ஒரு குற்றம் என்பதே நடைமுறைக்கு ஏற்றது. சிறுகதைக்கு இது கடினமன்று. நாவலுக்கு நான்கு வாசிப்பேனும் வேண்டும்.

முதல் வாசிப்பு மாறுகொளக் கூறலுக்கு உரியது. ஆர்தர் கோனன் டாயில் எழுதி 1887இல் வெளிவந்த ‘எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்’ நாவலில் டாக்டர் வாட்சனின் போர்க்காயம் தோளில் உள்ளது. 1890இல் வந்த ‘தி சைன் ஆஃப் ஃபோர்’ நாவலில் காலில் உள்ளது. 1891இல் வெளிவந்த சிறுகதையொன்றில் ஜான் வாட்சனை அவர் மனைவியே ஜேம்ஸ் என்றழைக்கிறார். டாயிலின் புகழ் இவற்றைத் தாங்கிற்று. ஆர்வலர்கள் இவற்றுக்கு விளக்கம் கற்பிப்பதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிக்கொண்டனர். புதிய எழுத்தாளருக்கு அச்சலுகை கிட்டாது. கதாபாத்திரம் முன்னுக்குப்பின் முரணாகப் பேசுதல் வேறு, அது குணச்சித்திரம். ஆசிரியரே மறந்துபோதல்தான் குற்றம்.

அடுத்தது சென்று தேய்ந்து இறுதல். இக்குற்றம் தொல்காப்பிய மரபியல் தரும் பட்டியலில் இல்லை, நன்னூலிலேயே இடம்பெறுகிறது. தொடக்கத்தில் விரிந்து பொலிந்த நடை போகப்போக மெலிந்து முடிவதை இது குறிக்கிறது. நாவலை நோக்க இதனினும் பொருத்தமான ஒரு கலைச்சொல் நம் மரபில் இல்லை என்பது இக்கட்டுரையாளர் கருத்து. முதல் ஐம்பது பக்கத்தைப் பலமுறை செப்பனிட்ட எழுத்தாளர் கடைசி ஐம்பதை ஒரே மூச்சில் முடித்துவிடுவதே இதற்குக் காரணம். இதற்கு எளிய மாற்று உண்டு: திருத்தத்தைக் கடைசி அத்தியாயத்திலிருந்து தொடங்குதல். களைப்பு முதல் அத்தியாயத்தின்மேல் விழட்டும். அது ஏற்கெனவே பலமுறை திருந்தியது. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வந்து நிறைவுற்றபோது, கதைமாந்தர் பின்னர் என்னவாயினர் என்று வாசகர் வினவ, கல்கி முடிவுரையில் விடை கூற நேர்ந்தது. நெடுங்கதையின் இறுதியில் வாசகர் எவ்வளவு விழிப்போடு காத்திருப்பர் என்பதற்கு அது சான்று.

குன்றக் கூறல் கதைக்குக் குற்றமாவது சில இடத்தில் மட்டுமே. செக்காவ் 1886 மே மாதத்தில் தம் தமையன் அலெக்சாந்தருக்கு எழுதிய கடிதத்தில், நிலவொளியை நேரே வருணிப்பதற்கு மாறாக, அணைக்கட்டில் கிடக்கும் உடைந்த புட்டியின் மினுக்கத்தைக் காட்டினாலே போதும் என்கிறார். பின்னர் ‘கடற்பறவை’ நாடகத்திலும் இதே உத்தியை ஒரு கதாபாத்திரத்தின் வாயில் வைத்தார். வந்ததைக் கொண்டு வாராததை உணர்த்தல் என்று மரபியல் உத்திகளுள் ஒன்றாகக் கூறுவது இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. ஆனால் எவ்வளவு குறைத்தாலும், புட்டி எங்கே கிடக்கிறது என்பது வாசகருக்குத் தெரிய வேண்டும். ஆசிரியர் மனத்தில் மட்டும் இருப்பதைத் தாளில் இருப்பதாக எண்ணிவிடுதலே இங்கு நேரும் பிழை. தானே ஒரு பொருள் கருதிக் கூறுதல் என்னும் தொல்காப்பியக் குற்றத்தை இப்பிழைக்கும் விரித்துக் கொள்ளலாம்.

கூறியது கூறல், வெற்றெனத் தொடுத்தல் இரண்டையும் சேர்த்தே நோக்கலாம். ஒரே உணர்ச்சியை முதலில் செயலாகவும் பின்னர் விளக்கமாகவும் எழுதியிருப்பின் விளக்கத்தை அடித்துவிடலாம். வாய்மொழிக் கதைமரபில் வரும் திரும்பக் கூறலுக்கு இவ்விதி பொருந்தாது.

வழூஉச்சொல்லும் வட்டார வழக்கும்

வழூஉச்சொல் புணர்த்தலை உரையாடலுக்கு அப்படியே ஏற்றினால் கரிசல் இலக்கியமே இல்லாமற்போகும். கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துக்கும் பெருமாள்முருகன் கொங்கு வட்டாரத்துக்கும் சொல்லகராதி தொகுத்தனர். புனைகதையாளரே அகராதி தொகுக்க நேர்ந்தமை ஆழ்ந்து நோக்கத்தக்கது. அச்சகராதி தொகுக்க வேண்டாவாயினும், ஒவ்வொருவரும் தம் படிக்கு ஒரு சொற்பட்டியல் வைத்தல் நன்று. ‘வந்துட்டான்’, ‘வந்திட்டான்’, ‘வந்துட்டாம்’ என்று ஒரே பாத்திரத்தின் பேச்சு பக்கத்துக்குப் பக்கம் மாறினால் அது வழக்கும் ஆகாது, செவ்வழக்கும் ஆகாது. பாத்திரத்துக்கு ஒன்றாக வினைமுற்று வடிவத்தை முதலிலேயே முடிவு செய்து, பட்டியலைப் பதிப்பாசிரியருக்கும் மெய்ப்புத் திருத்துவோருக்கும் அனுப்ப வேண்டும். அனுப்பாவிடில் நல்லெண்ணத்துடனேயே அவர்கள் எல்லாவற்றையும் ‘வந்துவிட்டான்’ ஆக்கிவிடுவர்.

செவியும் அவையும்

ஃபுளோபேர் குரோவசே என்னும் சிற்றூரில் 1851 முதல் 1856 வரை ‘மதாம் பொவாரி’ எழுதியபோது, ஒவ்வொரு வாக்கியத்தையும் உரத்த குரலில் படித்துச் சோதித்தார். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியம் பிழைபட்டது என்பது அவர் கொள்கை. கேட்போருக்கு இன்னாததாகும் யாப்பை மரபியல் குற்றமாக எண்ணுவதும் ஓசையுடைமையை நன்னூல் அழகாக எண்ணுவதும் செவியை அளவையாகக் கொண்டனவே. உரத்துப் படிக்க வீட்டில் இடமில்லாதோர் கைப்பேசியில் பதிந்து மறுநாள் கேட்கலாம். தம் குரலைக் கேட்பதில் உள்ள கூச்சம் இரண்டொரு நாளில் தீரும்.

தொல்காப்பியம் அதங்கோட்டாசான் முன்னிலையில் அவையேறியதாகப் பாயிரம் கூறுகிறது. இன்றைய எழுத்தாளருக்கு அவை என்பது இரண்டு அல்லது மூன்று வாசகர். அவர்களிடம் ‘நன்றாக இருக்கிறதா’ என்று கேட்டால் ‘நன்றாக இருக்கிறது’ என்பர். நட்பு அவ்வளவே இடந்தரும். எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள், யாருடைய பெயர் மறந்துபோயிற்று, எந்த இடத்தில் திரும்பிப் படிக்க நேர்ந்தது என்று கேட்டால், பக்க எண்ணோடு விடை கிடைக்கும். இருவர் ஒரே பக்கத்தைச் சுட்டுவாராயின், அவர்கள் கூறும் தீர்வு தவறாக இருப்பினும், அப்பக்கத்தை மீண்டும் எழுதியே ஆக வேண்டும்.