கையெழுத்துக்கு முன் காற்றைப் பார்!

வியாசர்பாடியில் பொழுது விடிந்ததும், கையில் சாப்பாட்டுப் பையுடன் வேலைக்குப் புறப்படுகிறவர்கள் ஏராளம். சிலர் துறைமுகத்துக்குப் போகிறார்கள். சிலர் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் போகிறார்கள். இன்னும் சிலர் மணலிக்கும் எண்ணூருக்கும் போகிறார்கள்.

அவர்களில் வெல்டர் உண்டு. பிட்டர் உண்டு. தொட்டிக்குள் இறங்கிச் சுத்தம் செய்கிறவர் உண்டு.

இவர்களுடைய உயிர் ஒரு காகிதத்தில் இருக்கிறது. அந்தக் காகிதத்துக்குப் பெயர், "பர்மிட்".

அது என்ன பர்மிட்?

1965ஆம் ஆண்டு மெட்ராஸ் ரிபைனரீஸ் கம்பெனி தொடங்கப்பட்டது. 1969ல் மணலியில் அதன் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியது. பிறகு உரத் தொழிற்சாலையும், வேறு பல ரசாயன ஆலைகளும் அங்கே வந்தன.

எண்ணெயும் வாயுவும் இருக்கும் இடத்தில், நினைத்த நேரத்தில் நெருப்பு மூட்ட முடியாது. இரும்பை அறுக்க வேண்டுமா? பர்மிட் வேண்டும். தொட்டிக்குள் இறங்க வேண்டுமா? அதற்கும் பர்மிட் வேண்டும்.

மின்சார வாரியத் தொழிலாளர்களுக்கும் இது புதிது அல்ல. கம்பத்தில் ஏறும் முன்பு அவர்கள் "எல்.சி." வாங்குவார்கள். மின்சாரத்தை நிறுத்தியாயிற்று என்பதற்கு அதுவே அத்தாட்சி.

முதலில் வேலை, பிறகு பேனா!

ஒரு பெரிய எண்ணெய்த் தொட்டியைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று வைத்துக் கொள்வோம். பர்மிட்டில் அதிகாரி கையெழுத்துப் போடும் முன்பு என்னென்ன நடக்க வேண்டும்?

தொட்டியை முழுவதும் காலி செய்ய வேண்டும். அதற்கு வரும் குழாய்களைக் கழற்ற வேண்டும். அல்லது இடையில் இரும்புத் தகடு வைத்து அடைக்க வேண்டும். வால்வை மூடினால் மட்டும் போதாது. வால்வு கசியலாம்!

உள்ளே சுழலும் எந்திரம் இருந்தால், அதன் மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சுக்குப் பூட்டுப் போட வேண்டும். காற்றாடி வைத்து உள்ளே நல்ல காற்றைச் செலுத்த வேண்டும்.

கடைசியாக, கருவியை உள்ளே விட்டுக் காற்றைச் சோதிக்க வேண்டும்.

அந்தச் சோதனையிலும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் பிராணவாயு. நாம் சுவாசிக்கும் காற்றில் அது சுமார் 21 சதவிகிதம். 19.5 சதவிகிதத்துக்குக் கீழே போனால் ஆபத்து. அடுத்து, தீப்பிடிக்கும் வாயு. மூன்றாவது, விஷ வாயு.

பிராணவாயுவை ஏன் முதலில் பார்க்க வேண்டும்? அது குறைவாக இருந்தால், தீப்பிடிக்கும் வாயுவை அளக்கும் கருவிகளில் பல சரியாகக் காட்டாது!

இத்தனையும் முடிந்த பிறகுதான் காகிதம் அதிகாரியின் மேஜைக்குப் போக வேண்டும்.

காகிதத்தில் பிழை இல்லை!

மாற்றிச் செய்தால் என்ன ஆகும்?

காலையில் ஒரே நேரத்தில் பல பர்மிட்டுகள் வருகின்றன. "முதலில் கையெழுத்துப் போடுங்கள் சார், சோதனையை அப்புறம் செய்து விடுகிறோம்" என்று ஒருவர் சொல்கிறார். அவசரம்! ஆலை நின்றால் நஷ்டம்! அதிகாரி காகிதத்தைப் படிக்கிறார். பெயர் சரி. தேதி சரி. இடம் சரி. கையெழுத்து விழுகிறது.

காகிதத்தில் ஒரு பிழையும் இல்லை. பிழை தொட்டிக்குள் இருக்கிறது!

இதை நம் நாட்டுச் சட்டம் அன்றே கண்டு கொண்டது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 36வது பிரிவில் ஒரு விதி வைத்தது. ஆபத்தான வாயு உள்ள தொட்டியில் இறங்கலாம் என்று சான்று தருகிறவர், எழுத்தில் தர வேண்டும். அதுவும், "தாமே செய்த சோதனையின்" பேரில் தர வேண்டும்! அந்தச் சான்று இல்லாவிட்டால், இறங்குகிறவர் சுவாசக் கருவி அணிய வேண்டும். இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும்.

கடலில் எரிந்த மேடை

1988ஆம் ஆண்டு ஜூலை 6ந் தேதி. பிரிட்டனுக்கு அருகே வட கடலில் "பைப்பர் ஆல்பா" என்ற எண்ணெய் மேடை.

அன்று பகலில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றினார்கள். குழாயின் வாயை ஒரு தகட்டால் மூடினார்கள். மாலை 6 மணி ஆயிற்று. வேலை முடியவில்லை. பர்மிட்டை வைத்து விட்டுப் போய் விட்டார்கள்.

இரவில் இன்னொரு பம்ப் நின்று விட்டது. பழைய பம்பை ஓட்டலாமா?

அந்தப் பம்புக்கு 2 பர்மிட்டுகள் இருந்தன. ஒன்று பம்பைப் பழுது பார்க்க. மற்றது வால்வுக்கு. இரவு ஷிப்டுக்காரர்களுக்குத் தெரிந்தது முதல் பர்மிட் மட்டுமே. அந்த வேலை தொடங்கவே இல்லை. ஆகவே பம்பை ஓட்டினார்கள்.

தகட்டின் இடுக்கில் வாயு சீறியது. சுமார் 10 மணிக்கு மேடை வெடித்தது. 167 பேர் மாண்டார்கள். 61 பேர் மட்டுமே தப்பினார்கள்.

கல்லன் பிரபு விசாரணை நடத்தினார். 1990ல் அறிக்கை கொடுத்தார். அதில் 106 யோசனைகள் இருந்தன. மேடையில் பர்மிட் முறை இருந்தது. ஆனால் அது ஒழுங்காக நடக்கவில்லை. இடத்தைப் போய்ப் பார்க்காமலே கையெழுத்துப் போடும் பழக்கம் இருந்தது என்று அவர் எடுத்துக் காட்டினார்.

கம்ப்யூட்டர் காப்பாற்றுமா?

இப்போது பல ஆலைகளில் பர்மிட் கம்ப்யூட்டருக்குள் போய் விட்டது. சோதனையின் அளவைப் பதிவு செய்யாவிட்டால், காகிதம் அடுத்த அதிகாரிக்குப் போகாதபடி பூட்டி வைக்கலாம். நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் கம்ப்யூட்டர் கேட்பது எண்ணை. காற்றை அல்ல! "21" என்று உட்கார்ந்த இடத்தில் தட்டினாலும் பூட்டுத் திறந்து விடும். கருவியைக் கொண்டுபோய் உள்ளே விடுகிறவர் மனிதர். அவருடைய நேர்மைக்குப் பதிலாக எந்த எந்திரமும் வராது.

இன்னொன்று. காலையில் பார்த்த காற்று மாலைக்குச் செல்லாது. சாப்பிடப் போய் வந்தால்கூட மறுபடி சோதிக்க வேண்டும்.

வீட்டிலும் இதே விதி

ஆலையில் மட்டும்தான் இந்த ஆபத்தா? வீட்டுக் கழிவுநீர்த் தொட்டியிலும் இருக்கிறது!

அங்கே அழுகிய முட்டை நாற்றம் வீசும் விஷ வாயு உண்டாகும். அது அதிகமானால் மூக்கு மரத்து விடும். நாற்றம் போய்விட்டது என்று நினைப்பவன் சாவின் வாசலில் நிற்கிறான்! விழுந்தவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுந்து விடுவார்.

2014ல் சுப்ரீம் கோர்ட்டு, சாக்கடையில் இறப்பவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர உத்தரவிட்டது. 2023ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. பணம் வரும். ஆள் வருவாரா? எந்திரத்தைக் கொண்டுதான் தொட்டியைச் சுத்தம் செய்ய வேண்டும். ஆளை இறக்கச் சொல்லவே கூடாது.

3 கேள்விகள்

வேலைக்குப் போகிற அண்ணனுக்கும் தம்பிக்கும் வீட்டில் உள்ளவர்கள் இந்த 3 கேள்விகளைச் சொல்லிக் கொடுக்கலாம்:

காற்றைச் சோதித்தவர் யார்? எப்போது சோதித்தார்? வெளியே நின்று கவனிக்கிறவர் யார்?

மூன்றுக்கும் பதில் கிடைத்தால் இறங்கலாம். ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும், "பர்மிட் இருக்கிறதே" என்ற பேச்சுக்கு மயங்கக் கூடாது.

பர்மிட்டைக் கிழித்து விட்டு வேறு எழுதலாம். ஒரு தகப்பனை அப்படி எழுத முடியாது!