உப்புப் போட்டுத்தான் சாப்பிடுறாங்களா?

2020, ஜூன் 19. வெள்ளிக்கிழமை. அன்றைக்கு நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் சார்? பெரும்பாலும் லுங்கியோடு உட்கார்ந்து, 'அரைச் சம்பளமாவது வருமா' என்று ஆபீஸ் வாட்ஸ்அப்பைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள். நான் பி.காம். தேதி போட்டுக் குறிப்பேட்டில் ஏற்றினால்தான் எனக்கு எதுவும் மண்டையில் ஏறும். அந்த ஒரு தேதியில் என்னிடம் மூன்று பதிவுகள் இருக்கின்றன.

சென்னையிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் முழு ஊரடங்கு மறுபடி ஆரம்பித்தது அன்றைக்குத்தான். எங்கள் மரக்காணம் விழுப்புரம் மாவட்டம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே கொஞ்சம் போனால் செங்கல்பட்டு மாவட்டம். அந்தக் கோட்டைத் தாண்ட இ-பாஸ் வேண்டும். கல்யாணமா, சாவா, ஆஸ்பத்திரியா என்று காரணம் சொல்ல வேண்டும். 'பெண்டாட்டியைப் பார்க்கணும்' என்பதற்குக் கட்டமே கிடையாது!

அதே நாள் சாயங்காலம் சாத்தான்குளத்தில் செல்போன் கடை வைத்திருந்த ஓர் அப்பாவையும் மகனையும் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்தது என்பது குற்றச்சாட்டு. 23-ம் தேதி காலைக்குள் இருவரும் உயிரோடு இல்லை. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே தலையிட்டது, போலீஸார் கைதானார்கள், சி.பி.ஐ. வந்தது, கொலை வழக்கானது.

அதே நாள் லண்டனில், பத்தாம் நம்பர் டவுனிங் தெருவில், மந்திரிசபை கூடுகிற அறையிலேயே பிரதமர் போரிஸ் ஜான்சனின் 56-வது பிறந்தநாளுக்கு ஆட்கள் கூடினார்கள். கட்டடத்துக்குள் இப்படிக் கூடக்கூடாது என்று சட்டம் போட்டதே அவர் அரசாங்கம்தான்.

மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வயிறு எரிகிறதா? இங்கிலாந்துக்காரனுக்கும் எரிந்தது. அம்மாவின் சாவுக்குப் போகாமல் வீட்டிலேயே அழுதவர்கள் அங்கேயும் உண்டு. மகாராணியே 2021 ஏப்ரலில் கணவர் இறுதிச் சடங்கில் மாஸ்க்கோடு தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தார். அதற்கு முந்தின ராத்திரி பிரதமர் ஆபீஸில் ரெண்டு பார்ட்டி! கடைக்குச் சூட்கேஸ் கொண்டுபோய் ஒயின் பாட்டில் அடுக்கிக்கொண்டு வந்தார்கள் என்று பேப்பரில் வந்தது. (நம் பாண்டிச்சேரி ரிட்டர்ன் பையன்களுக்கு இந்த சூட்கேஸ் டெக்னிக் பழசு.)

பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. 2022 ஏப்ரலில் லண்டன் போலீஸ் பிரதமருக்கே அபராதம் போட்டது. அன்று நிதியமைச்சராக இருந்த ரிஷி சுனக்குக்கும் சேர்த்து. ஐம்பது பவுண்டு என்று செய்தி. ஒரு பிரதமருக்கு அது டீச் செலவு. ஆனால், மொத்தம் 126 அபராத நோட்டீஸ்களில் அவர் பெயருக்கும் ஒன்று வந்ததல்லவா? ஜூலையில், வேறு விவகாரங்களும் சேர்ந்து, நாற்காலி போனது. 'விதிப்படிதான் நடந்தோம்' என்று நாடாளுமன்றத்தில் அவர் சொன்னது சபையைத் திசைதிருப்பிய பேச்சு என்று எம்.பி.க்கள் குழு அறிக்கை கொடுத்தது. 354-க்கு 7 என்ற ஓட்டில் சபை அதை ஏற்றுக்கொண்டது. அது என்றைக்குத் தெரியுமா? 2023, ஜூன் 19. ஹேப்பி பர்த் டே!

நார்வே பிரதமர் எர்னா சோல்பெர்க் கதை இன்னும் சின்னது. 60-வது பிறந்தநாளுக்குக் குடும்பத்தோடு சாப்பாடு. பத்துப் பேருக்கு மேல் கூடாது, கூடியது பதின்மூன்று. 2021 ஏப்ரலில் போலீஸ் 20,000 குரோனர் தீட்டியது. ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டார்.

இங்கே? சாத்தான்குளத்துக்கு ஆறுதல் சொல்லப் போன உதயநிதி ஸ்டாலின் இ-பாஸ் வாங்கினாரா என்று ஆளுங்கட்சி கேட்டது. வாங்கித்தான் போனேன் என்றார் அவர். கடை சாத்துகிற நேரத்துக்காக இரண்டு உயிர் போயிருக்கிறது, இவர்கள் பாஸைப் பற்றிப் பட்டிமன்றம் நடத்தினார்கள்.

2021-ல் சட்டசபைத் தேர்தல். ஏப்ரல் 6 ஓட்டுப்பதிவு. அதுவரை கூட்டமான கூட்டம், எல்லாக் கட்சியிலும். ஏப்ரல் 26-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி சஞ்சீப் பானர்ஜி பொறுமை இழந்தார். இரண்டாவது அலைக்குத் தேர்தல் கமிஷன்தான் பொறுப்பு, அதிகாரிகள் மேல் கொலை வழக்கே போடலாம் என்கிற ரீதியில் வாய்மொழியாக வெளுத்து வாங்கினார். படித்த எனக்கு விசில் அடிக்கத் தோன்றியது. மே மாதம் சுப்ரீம் கோர்ட், அந்த வார்த்தைகள் கடுமை, உவமை பொருத்தமில்லை என்று சொல்லிவிட்டது. சரி, அதிகாரியைத் திட்டியாயிற்று. லாரி வைத்து ஆள் ஏற்றிய தலைவர்கள்? அவர்கள் பேச்சே அங்கே காணோம்.

உப்புக்காரர்களுக்கு விதி மீறின அரசியல்வாதி புதுசில்லை. 1930 ஏப்ரல் 30-ம் தேதி வேதாரண்யத்தில் ராஜாஜி உப்பை அள்ளினார், கைதாகி ஜெயிலுக்குப் போனார். 'என்னை மட்டும் விடுங்க' என்று கேட்கவில்லை. இதை எங்கள் ஊர் உப்பளத்தில் பாத்தி வாரிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் சொன்னேன். வெயில் காலம்தான் அங்கே விளைச்சல், மழை வந்தால் எல்லாம் கரைந்து போகும். அவர் பலகையை நிறுத்தவில்லை.

"எனக்கும் ஃபைன் போட்டாங்க தம்பி. இருநூறு ரூபா."

2020 செப்டம்பரில் மாஸ்க் போடாவிட்டால் 200 என்று வந்ததே, அது. காலையில் சைக்கிளில் தனியாக வந்திருக்கிறார். மூக்கைச் சுற்றிக் கட்டியிருந்த துண்டு கழுத்துக்கு இறங்கிவிட்டது.

"எனக்கும் கடலுக்கும் நடுவுல ஒரு நாய்கூட இல்ல. இன்னா பண்றது... ஒரு நாள் கூலியில பாதி."

மறு வருஷம் பிப்ரவரியில், தேர்தலுக்கு முன்னால், முதல்வர் எடப்பாடி பழனிசாமி ஊரடங்கு மீறல் வழக்குகளை வாபஸ் வாங்குவதாக அறிவித்தார். ஏறக்குறைய பத்து லட்சம் வழக்குகள். பெரியவர் தன் இருநூறும் திரும்ப வரும் என்றே நம்பியிருக்கிறார்!

"வந்துச்சா பெரியவரே?"

"வந்துச்சே. மார்ச்சுல கூட்டத்துக்குக் கூப்ட்டாங்க. தலைக்கு இருநூறு, பிரியாணி. துண்டை மூக்குல கட்டினு நின்னேன். முகம் தெரியணும், அவுருய்யான்னாங்க. அவுத்துட்டேன்."

எந்தக் கட்சி என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எந்தப் பெயரைச் சொன்னாலும் நான் நம்பியிருப்பேன்.

கட்டினது இருநூறு, வாங்கினது இருநூறு. பி.காம். புத்தி சும்மா இருக்குமா? "அப்ப உங்க கணக்கு நேராயிடுச்சு" என்றேன் சிரித்துக்கொண்டே.

அவரும் சிரித்தார். வாரின உப்பை வரப்பில் தள்ளிவிட்டு, பலகையைத் தட்டினார்.

"கூட்டத்துக்கு என் தம்பியையும் இட்டுனு போயிருந்தேன். மே மாசம் மூச்சு வாங்குச்சு. பாண்டி வரைக்கும் கொண்டுபோனோம், படுக்கை இல்ல. திரும்பி வரச்சொல்ல வண்டியிலயே போய்ட்டான்."