மலையாறும் கடற்காடும்



கல்வராயன் மலையடிவாரத்தில் வாழ்வோருக்குக் கடல் எங்கோ தொலைவில் உள்ளதாகத் தோன்றும். ஆயினும், அம்மலையில் பிறக்கும் கோமுகியும் மணிமுத்தாறும் வெள்ளாற்றோடு கூடிப் பரங்கிப்பேட்டையருகே கடலை அடைகின்றன. எனவே, கள்ளக்குறிச்சி மாணவர் அங்குச் செல்வது தம் ஆற்றின் மறுமுனையைக் காண்பதேயாகும்.

பரங்கிப்பேட்டை பழைய துறைமுகம். 1781ஆம் ஆண்டில் ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் அதன் அருகே பெரும்போர் நிகழ்ந்தது. இன்று அது மீனவர் வாழும் ஊர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையமும் அங்கே உள்ளது. வடக்கே சாமியார்பேட்டையில் பரந்த மணற்கரையைக் காணலாம்.

தெற்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் இருப்பது பிச்சாவரம். சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பில், ஐம்பதுக்கு மேற்பட்ட சிறு தீவுகளாக அமைந்த காப்புக்காடு அது. மாணவர்களுடன் நான் படகில் சென்றபோது ஒருவன், “ஐயா, சேற்றில் இத்தனை குச்சிகளை யார் நட்டார்கள்?” என வினவினான். அவை குச்சிகளல்ல, வெண்கண்டல் மரத்தின் மூச்சுவேர்கள். சேற்றுக்குள் காற்றில்லாமையால் வேர்கள் மேலெழுந்து சுவாசிக்கின்றன. சுரபுன்னையோ, விதையை மரத்திலேயே முளைக்கச் செய்து, பின்னரே நீரில் விடுகிறது. இறால் குஞ்சுகளுக்கு இவ்வேர்க்கூட்டமே தொட்டில். காடு அழிந்தால் மீனவரின் வலையும் வெறுமையாகும்.

ஒரு காலத்தில் இக்காடு பகுதி பகுதியாக வெட்டப்பட்டது. நிழல் போனதும் ஈரம் வற்றி மண் தாழ்ந்தது. பள்ளத்தில் தேங்கிய கடல்நீர் வெயிலில் வற்றவே, உப்பு மிகுந்து, மீண்டும் செடி முளைக்கவில்லை. 1990களில் மா. சா. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் கூடி, மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டினர். கடல் ஏற்றத்தில் நீர் புகுந்து, வற்றத்தில் வடிந்தது, உப்பும் குறைந்தது, கன்றுகள் தழைத்தன. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தபோது, காட்டின் பின்னிருந்த சிற்றூர்களில் சேதம் குறைவாகவே இருந்தது. 2022இல் பிச்சாவரம் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

எனினும், கால்வாய் மட்டும் போதாது. இம்மரங்களுக்கு உப்புநீரோடு ஆற்றின் நன்னீரும் வண்டலும் வேண்டும். மலையில் மரம் குறைந்தால் ஆற்றின் கோடைநீர் குறையும். நாம் ஆற்றில் எறியும் குப்பை கழிமுகத்தை அடையும். மலைக்காட்டைப் பேணுவோர் கடற்காட்டையும் பேணுகின்றனர். இதனை நேரில் கண்டு உணர்வதே அப்பயணத்தின் பயன்.