படப்புள்ளி எழுத்துருவில் மெய்ப்புள்ளி

பழைய கணினித் திரையின் சாயலில், சதுரப் படப்புள்ளிகளை அடுக்கி அமைக்கப்படும் எழுத்துரு தலைப்புகளுக்கு உரியது. உரோமன் எழுத்துக்கு 5 நிரலும் 7 வரிசையும் போதும், தமிழுக்குப் போதா. கெடா மாநிலத்துச் சுங்கை பட்டாணியின் பெயரையே எழுதிப் பார்க்கலாம். ங், ட் ஆகியவற்றின் மேற்புள்ளிக்கும் எழுத்துடலுக்கும் இடையில் ஒரு வெற்று வரிசை வேண்டும். இல்லையேல் மெய்யெழுத்து அகரமேறிய உயிர்மெய்யாகத் தோன்றும். ணகரம் ஒரு சுழியை இழந்தால் னகரமாகிவிடும், ஊர்ப்பெயரே பிழையாகும். சுகரத்தின் கீழ்க்கோடும் தனியிடம் கேட்கும். முத்து நெடுமாறனின் செல்லினம் 2005இல் கைப்பேசிக்குத் தமிழைக் கொணர்ந்த காலத்துச் சிறுதிரைகளிலும் இடம் அரிதே. தோட்டப் பள்ளியின் விழாப் பதாகைக்கு இவ்வெழுத்துரு அழகுதான். முதலாம் ஆண்டு மாணவரின் வாசிப்பு அட்டைக்கு ஆகாது.