விழுந்தவர் பக்கம்தான் நியாயமா?

கூடைக்கடியில் ரெண்டு பேர் மோதி விழுந்தா உடனே "ஃபவுல்!"னு கத்துறோம். ஆனா யார் மேல ஃபவுல்? விழுந்தவரை வைத்து நடுவர் முடிவு செய்வதில்லை. தடுப்பவர் எப்போது இடம் பிடித்தார் என்றே பார்ப்பார்.

பந்தோடு வருபவர் எழும்புவதற்கு முன்பே எதிரே முகம்காட்டி, இரு காலும் ஊன்றி நின்றவரின் நெஞ்சில் மோதினால் 'சார்ஜிங்'. எழும்பிய பிறகு குறுக்கே புகுந்தால் 'பிளாக்கிங்'.

கூடைக்கடியில் 1.25 மீட்டர் ஆரத்தில் ஓர் அரைவட்டம் உண்டு. 2010-இல் ஃபிபா விதியில் வந்தது. அதற்குள் நிற்பவர் மீது, ஷாட் போட எழும்பியவர் மோதினாலும் சார்ஜிங் இல்லை. கை, கால் அல்லது உடலை விதிமீறிப் பயன்படுத்தினால் மட்டும் ஃபவுல்.

ஏன் தெரியுமா? அந்தரத்தில் இருப்பவரால் திசை மாற முடியாது. நானும் டிஃபென்ஸ் ஆடுறவன்தான், சொல்றேன்: ரெண்டு பாயின்ட் போனா திரும்ப எடுக்கலாம். முதுகெலும்பு போனா?