சிமென்ட் வாசலை உடைத்துவிட்டுப் புல் வளர்க்கலாமா?

மாரண்டஹள்ளி பக்கம் வயல் பார்க்கப் போனால் தக்காளி, ராகி பற்றித்தான் வழக்கமாகக் கேள்விகள் வரும். இந்த முறை ஒரு விவசாயி தன் வீட்டு வாசலில் நின்ற தென்னையைக் காட்டினார். "நல்லாக் காய்ச்சுட்டிருந்த மரம் சார். வாசலுக்கு சிமென்ட் போட்ட ரெண்டாவது வருஷத்துல இருந்து குரும்பை கொட்டுது, மட்டை தொங்குது. என்ன மருந்து வைக்கலாம்?" என்றார். பூச்சி, நோய் அறிகுறி எதுவும் இல்லை. வேலி ஓரத்தில் அதே வயதுடைய இரண்டு மரங்கள் நன்றாக இருந்தன. மருந்து வேண்டாம், மரத்தைச் சுற்றியுள்ள சிமென்ட்டை உடைத்து எடுங்கள் என்றேன்.

"உடைச்சா மழைக்குச் சேறாகுமே, அங்க புல்லு வளர்க்கலாமா?" என்று அவர் அடுத்துக் கேட்டார். இதே கேள்வி பலருக்கும் இருக்கும் என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

வாசலுக்குத் தளம் போடுவதற்குக் காரணங்கள் உண்டு. சேறு இருக்காது, பாம்பு வந்தால் தெரியும், ராகி, கொள்ளு காய வைக்கலாம். அதனால் முழுவதையும் உடைக்கச் சொல்லமாட்டேன். தானியம் காய வைக்கவும் வண்டி நிறுத்தவும் தேவையான அளவு விட்டுவிட்டு, மீதியை மட்டும் எடுங்கள். வீட்டுச் சுவரை ஒட்டி மூன்று அடி அகலத்துக்குத் தளம் இருக்கட்டும். அஸ்திவாரத்தில் தண்ணீர் இறங்கக்கூடாது.

இதில் என்ன லாபம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லி மீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். இரண்டு சென்ட் சிமென்ட் வாசலில் ஒரே இரவில் 50 மி.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 4,000 லிட்டர் தெருவுக்கு ஓடுகிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 850 மி.மீ. மழை பெறும் நம் மாவட்டத்தில் இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் இதனால் பல நூறு அடி ஆழமுள்ள போர்வெல் நிரம்பிவிடும் என்று நினைக்க வேண்டாம். மேல் மண்ணில் ஈரம் நிற்கும், மரங்களுக்கு உதவும், பக்கத்தில் திறந்த கிணறு இருந்தால் அதற்கும் கொஞ்சம் ஊறும். அவ்வளவுதான்.

உடைப்பது ஒரு நாள் வேலை, மண்ணைச் சரி செய்வதுதான் வேலை

பேவர் பிளாக் என்றால் கடப்பாரையால் நெம்பி எடுத்து, மாட்டுக் கொட்டகைக்குப் பயன்படுத்தலாம். கான்கிரீட் என்றால் உடைத்த துண்டுகள் அனைத்தையும் அப்புறப்படுத்த வேண்டும். பலர் பெரிய துண்டுகளை மட்டும் பொறுக்கிவிட்டு, தூளை மண்ணோடு கலந்துவிடுகிறார்கள். இது தவறு. சிமென்ட் தூளில் சுண்ணாம்புச் சத்து உள்ளது. அது மண்ணின் கார அமில நிலையை 8-க்கு மேல் கொண்டுபோய்விடும். அப்புறம் எந்தப் புல் வைத்தாலும் மஞ்சளாகத்தான் வரும்.

தளத்துக்கு அடியில் போட்ட ஜல்லி, கிரஷர் தூள் படுகையையும் முழுவதும் வாரி எடுங்கள். அதற்குக் கீழே உள்ள செம்மண் திமிசு போட்டு இறுகிக் கிடக்கும். அதை ஒரு அடி ஆழத்துக்குக் கொத்திவிட வேண்டும். சித்திரை, வைகாசியில் கோடை மழை பெய்த ஈரத்தில் கொத்தினால் கடப்பாரை இறங்கும். கொத்திய மண்ணை இரண்டு வாரம் வெயிலில் காயவிடுங்கள். இந்த நேரத்தில் ஒரு மண் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுவது நல்லது. பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் இதற்கு ஆலோசனை பெறலாம்.

பிறகு சென்ட்டுக்கு 200 கிலோ மக்கிய தொழு உரம் போட்டுக் கலந்து சமப்படுத்துங்கள். வீட்டிலிருந்து வெளிப்பக்கமாக, பத்து அடிக்கு 2 அங்குலம் சரிவு இருக்க வேண்டும். மக்காத சாணம் போட்டால் களை விதையும் சேர்ந்தே வரும்.

உடனே புல் நட்டுவிடாதீர்கள். தண்ணீர் விட்டுக் களையை முளைக்க விட்டு, பிடுங்குங்கள். மறுபடி தண்ணீர் விடுங்கள், மறுபடி பிடுங்குங்கள். கோரை இருந்தால் கிழங்கோடு எடுக்க வேண்டும். இதில் அவசரப்பட்டவர்கள் பின்னால் ஆண்டு முழுவதும் களை எடுத்துக்கொண்டு இருப்பார்கள்.

எந்தப் புல்?

நர்சரியில் கொரியன் புல்லைப் பாயாகச் சுருட்டிக் கொடுப்பார்கள். பார்க்க அழகுதான், ஆனால் நம் ஊருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். பச்சைக் கம்பளம்போல வைத்திருக்கக் கோடையில் ஒரு சென்ட்டுக்கு நாள்தோறும் 160 முதல் 200 லிட்டர் தண்ணீர் தேவைப்படும். அது மூன்று கறவை மாடு குடிக்கிற தண்ணீர். மாட்டுக்கே லாரித் தண்ணீர் வாங்குகிற வருடத்தில் புல்லுக்கு எங்கே போவது?

என் பரிந்துரை அருகம்புல். இதைச் சொன்னதும் அந்த விவசாயி சிரித்துவிட்டார். "வயல்ல இதப் புடுங்கியே இடுப்பு ஒடியுது, வாசல்ல நடச் சொல்றீங்களே!" நியாயமான கேள்விதான். ஆனால் வயலில் அதை நாம் வெறுப்பதற்கான காரணமே இங்கே அதன் தகுதி. காய்ந்தாலும் சாகாது, மிதித்தாலும் சாகாது, ஓரளவு உப்புத் தண்ணீரையும் தாங்கும். தண்ணீர் விடாவிட்டால் கோடையில் பழுத்துக் கிடக்கும், முதல் மழைக்குத் துளிர்த்துவிடும். வெட்டிய புல் மாட்டுக்கும் ஆடு, முயலுக்கும் ஆகும். தோட்டத்துப் பக்கம் ஓடாமல் இருக்க, எடுத்த பேவர் கற்களையே ஓரத்தில் அரை அடிக்கு மேல் ஆழமாகச் செங்குத்தாகப் புதைத்து வையுங்கள். அதைத் தாண்டி வரும் ஓடுதண்டுகளை மாதம் ஒரு முறை வெட்டிவிட வேண்டும். மர நிழலில் மட்டும் அருகம்புல் சரியாக வராது.

ஆடி, ஆவணி மழைக்கு நடவு செய்யுங்கள். இரண்டு மூன்று கணு உள்ள துண்டுகளை அரை அடி இடைவெளியில் ஊன்றினால் சென்ட்டுக்குச் சுமார் 1,750 துண்டுகள் போதும். வரப்பிலேயே கிடைக்கும், காசு வேண்டாம். கோரை கலக்காமல் பார்த்து எடுங்கள். மழை இல்லாத நாளில் மூன்று வாரம் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து, ஈரம் இருக்கும்போது சென்ட்டுக்கு 400 கிராம் யூரியா தூவித் தண்ணீர் விடுங்கள். இலை வெளுத்து மஞ்சளானால் இரும்புச் சத்துக் குறைவாக இருக்கலாம். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து மாலையில் தெளிக்கலாம்.

பாம்பு பயம் உள்ளவர்கள் புல்லை 2 அங்குலத்துக்கு மேல் வளர விடக்கூடாது. மழைக்காலத்தில் பத்து நாளுக்கு ஒரு முறை வெட்டினால் போதும்.

தென்னையைச் சுற்றி ஆறு அடிக்கு மட்டும் புல் வேண்டாம். அங்கே வட்டப்பாத்தி எடுத்து, வேர் அறுபடாமல் லேசாகக் கொத்தி, மட்டை, சருகு போட்டு மூடுங்கள். மரத்துக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழு உரம், 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ். ரசாயன உரத்தை ஆனி, மார்கழி என இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள். பாளை உள்ளே உருவாகத் தொடங்கிக் காய் முற்றும் வரை தென்னையில் மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும். எனவே முதல் வருடம் காயை எண்ணிப் பார்த்து ஏமாற வேண்டாம், புதிதாக வரும் குருத்து ஓலை விறைப்பாக நிற்கிறதா என்று பாருங்கள்.