மேட்டில் நிற்கும் ஜீப்

சாத்தம் துறையில் வண்டியைப் படகேற்றி, பாம்பூ பிளாட்டில் இறங்கினால், 2021 முதல் மணிப்பூர் மலை என வழங்கும் ஹாரியட் மலையின் ஏற்றம் தொடங்குகிறது. மழைநாளில் இத்தகைய சரிவில் ஜீப்பை நிறுத்தும் நம்மவர், கைப்பிரேக்கின் இயல்பை அறிந்திருத்தல் வேண்டும்.

கைப்பிரேக் பெரும்பாலும் இருவகைப்படும். ஒன்று, பின்சக்கரங்கள் இரண்டையும் தனித்தனியே பிடிப்பது. மற்றொன்று, போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் உள்ளதுபோல், அச்சக்கரங்களுக்கு விசையைக் கொண்டு செல்லும் தண்டைப் பிடிப்பது. இது உயரத்தில் அமைவதால் சேறும் நீரும் எளிதில் அணுகா. ஆயினும் ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியால் தூக்கினால், அது ஒரு திசையில் சுழல, தரையிலுள்ள மற்றது எதிர்த்திசையில் உருளும். பிரேக் இறுகியிருந்தும் வண்டி நழுவும். அடியில் இருப்பவர் உயிருக்கே அது இடராகும்.

எனவே நான்கு சக்கர இயக்கத்தைப் பூட்டி, கியரில் நிறுத்துவோம். முன்சக்கரங்களும் அப்போது பிடிப்பில் நிற்கும். இறக்கப்பக்கத்தில் முட்டுக்கட்டையும் வைப்போம். ஓடும்போது காற்பிரேக் தவறினால், கீழ்க் கியருக்கு மாறி வேகத்தைத் தணிப்போம். தண்டுப் பிரேக்கைத் திடீரென இழுத்தால் தண்டும் பற்சக்கரங்களும் பழுதாகலாம். அதைக் கடைசித் துணையாகவே கொள்வோம்.